ராமென்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ராமென் செய்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து ஒரே வகைச் சந்தேகங்கள்தான் வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழிக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. எரிச்சலோடு கேட்டவற்றையும் மாற்றவில்லை. சமையல் அளவுகள் எல்லாம் 4 கிண்ணங்களுக்கு.

ராமென் என்பது பாக்கெட் நூடுல்ஸ்தானே? அதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

இல்லை. ஜப்பானில் ராமென் கடைகள் தோன்றி ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 1958இல்தான் பாக்கெட் வந்தது. பாக்கெட்டை அவமதிக்க வேண்டியதில்லை, அதற்கும் ஒரு நல்ல கதை இருக்கிறது, கீழே வரும். ஆனால் ராமென் என்றால் அடிப்படையில் கோதுமை நூடுல்ஸ், எலும்புச் சூப், அதற்குச் சுவையூட்டும் அடர்ந்த உப்புக் குழம்பு, மணத்துக்குக் கொஞ்சம் எண்ணெய், மேலே வைக்கும் பண்டங்கள் ஆகிய ஐந்தும் பரிமாறும் நிமிடத்தில் ஒரு கிண்ணத்தில் ஒன்றுசேரும் சாப்பாடு. தனித்தனியாகச் சமைத்துக் கடைசியில் சேர்ப்பது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்தப் பக்கத்தில் பாதியைப் படிக்கவே வேண்டாம்.

இது சீன உணவா, ஜப்பானிய உணவா? ஆளுக்கொன்று சொல்கிறார்களே.

பிறப்பு சீனச் சமையல்காரர்களின் கையில், வளர்ந்தது ஜப்பானில். 1859இல் யோகோஹாமா, நாகசாகி, ஹாக்கோடாட்டே துறைமுகங்கள் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டன. அங்கே குடியேறிய சீனர்கள், குறிப்பாகக் குவாங்தொங் பகுதியிலிருந்து வந்தவர்கள், தங்கள் ஊர் நூடுல்ஸ் சூப்பை விற்றார்கள். ஜப்பானியர்கள் அதைத் தங்களுக்குப் பழக்கமான சோபா என்ற நூடுல்ஸின் பெயரோடு சேர்த்து ‘சீன சோபா’ என்ற பொருளில் அழைத்தார்கள்.

1910இல் டோக்கியோவின் அசாகுசாவில் ஒசாகி கன்இச்சி என்பவர் ராய்ராய்கென் என்ற கடையைத் திறந்தார். யோகோஹாமாவின் சீனர் குடியிருப்பிலிருந்து சமையல்காரர்களை வரவழைத்துக்கொண்டார். வாடிக்கையாளர்கள் டோக்கியோவின் சாதாரண மக்கள். சீனச் சூப்பில் ஜப்பானியச் சோயா சாஸ் கலந்து, மேலே பன்றி இறைச்சித் துண்டும் மூங்கில் குருத்தும் வைத்துக் கொடுத்தார்கள். இன்று டோக்கியோ பாணி என்று அறியப்படும் கிண்ணம் ஏறக்குறைய இதுதான். பிறகு இரவு நேரத் தள்ளுவண்டிகள் வந்தன. நம் நாதஸ்வரத்தைப் போலவே சீவாளி வைத்து ஊதும் சருமேரா என்ற சிறு குழலை ஊதித்தான் வண்டிக்காரர்கள் தெருவுக்குள் வருவார்கள். வேலை முடிந்து திரும்பும் தொழிலாளிக்கும் இரவில் கண்விழித்துப் படிக்கும் மாணவனுக்கும் அதுதான் அழைப்பு.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு ஜப்பானியப் பிரபு ராமென் சாப்பிட்டார் என்று படித்தேன். உண்மையா?

மிதோ பகுதியின் பிரபு தொக்குகாவா மித்சுகுனியைச் சொல்கிறீர்கள். மிங் பேரரசு வீழ்ந்தபின் ஜப்பானில் அடைக்கலம் புகுந்த ஜூ ஷுன்ஷுய் என்ற சீன அறிஞர் 17ஆம் நூற்றாண்டில் அவருடைய ஆதரவில் இருந்தார்; சீன முறையில் நூடுல்ஸ் சமைப்பது அவர் வழியாகப் பிரபுவுக்கு வந்தது என்பது கதை. பிரபு ஏதோ சீன நூடுல்ஸ் சாப்பிட்டிருக்கலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தக் கிண்ணத்துக்கும் 1910இன் அசாகுசாக் கடைக்கும் நடுவே எந்தத் தொடர்ச்சியும் கிடையாது. அரண்மனையில் ஒருவர் ஒருமுறை உண்டது ஒரு நாட்டின் தெரு உணவுக்கு மூதாதை ஆகிவிடாது. வரலாற்றுக்கு வயது கூட்டிக் காட்டும் ஆசை எல்லா ஊரிலும் உண்டு.

அப்படியானால் நாடு முழுவதும் எப்போது பரவியது? போருக்குப் பிறகுதான் என்கிறார்களே.

ஆமாம், பசியால் பரவியது. 1945இல் ஜப்பான் தோற்றபோது கொரியா, தைவான் ஆகிய குடியேற்றங்களிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அதே ஆண்டு உள்நாட்டு விளைச்சலும் பொய்த்தது. அமெரிக்கக் கோதுமை வந்து இறங்கியது. ரேஷனில் போக வேண்டிய மாவில் ஒரு பகுதி கள்ளச் சந்தைக்குப் போய்த் தள்ளுவண்டிகளில் நூடுல்ஸாக மாறியது. சீனாவிலிருந்தும் மஞ்சூரியாவிலிருந்தும் திரும்பி வந்த ஜப்பானியர்களில் பலருக்கு அந்தச் சமையல் தெரிந்திருந்தது; வேறு பிழைப்பும் இல்லை. தெருவில் உணவு விற்பது அப்போது சட்டப்படி குற்றம். ஆனாலும் வண்டிகள் குறையவில்லை. கொழுப்பும் உப்பும் மாவும் சூடாக ஒரே கிண்ணத்தில், அதுவும் மலிவாகக் கிடைத்தால் பட்டினி கிடந்தவன் சட்டத்தையா பார்ப்பான்?

1950களில் கெடுபிடி தளர்ந்தது. நகரங்களைத் திரும்பக் கட்டிய கூலித் தொழிலாளர்கள் இதைத் தங்கள் மதிய உணவாக்கிக்கொண்டார்கள். ராமெனுக்குச் சுற்றுலாப் பகட்டு வந்தது வெகு பின்னால்; அதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் ஷின்-யோகோஹாமாவில் 1994இல் திறக்கப்பட்டது.

பாக்கெட்டின் கதை இருக்கிறது என்றீர்களே?

மொமொஃபுக்கு அந்தோ, தைவானில் 1910இல் பிறந்தவர். அவர் தலைமை வகித்த கடன் சங்கம் திவாலாகிச் சொத்தெல்லாம் போனபின், ஒசாகாவுக்கு அருகே இக்கேடா என்ற ஊரில் வீட்டுக் கொல்லையில் ஒரு கொட்டகை போட்டு, வெந்நீர் ஊற்றினாலே வேகும் நூடுல்ஸைத் தேடினார். விடை எண்ணெய்ச் சட்டியில் கிடைத்தது. ஆவியில் வேகவைத்த நூடுல்ஸைக் கொதிக்கும் எண்ணெயில் போட்டால் உள்ளிருக்கும் நீர் சட்டென ஆவியாகி வெளியேறி, இழை முழுதும் நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. பிறகு வெந்நீர் ஊற்றும்போது அந்தத் துளைகள் வழியாகவே நீர் உள்ளே திரும்புகிறது. நீர் போய்விட்டதால் கெட்டுப்போவதும் இல்லை. 1958 ஆகஸ்ட் 25 அன்று ‘சிக்கன் ராமென்’ விற்பனைக்கு வந்தது. விலை 35 யென். கடையில் உதோன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸ் புதிதாகவே 6 யென்னுக்குக் கிடைத்த காலம் அது. அதாவது இன்று ஏழைச் சாப்பாடு என்று ஏளனம் செய்யப்படும் பொருள் ஆடம்பரப் பண்டமாகத்தான் அறிமுகமானது.

1971இல் கோப்பை நூடுல்ஸ் வந்தது. அந்தோ அமெரிக்கா போயிருந்தபோது, அங்கே ஒரு கடையின் அலுவலர்கள் பாக்கெட்டை உடைத்துக் காகிதக் கோப்பையில் போட்டு முள்கரண்டியால் சாப்பிட்டதைப் பார்த்ததில் பிறந்த யோசனை. நூடுல்ஸ் கட்டியைக் கோப்பைக்குள் போட்டால் சாய்ந்து விழுகிறது என்று தொழிற்சாலையில் திணறினார்கள். கட்டியைக் கீழே வைத்து, கோப்பையைத் தலைகீழாக அதன்மேல் கவிழ்த்ததும் பிரச்சினை தீர்ந்தது. கட்டி கோப்பையின் அடியைத் தொடாமல் நடுவில் நிற்கிறது. கீழே வெந்நீர் புகுந்து சமமாக வேகிறது. அடுத்த முறை வாங்கினால் ஒன்றைப் பிளந்து பாருங்கள்.

ஷியோ, ஷோயு, மிசோ, தொன்கொத்ஸு என நான்கு வகை. சரிதானே?

எங்கும் இப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் பட்டியல் கோணலானது. முதல் மூன்றும் உப்புச் சுவை எதிலிருந்து வருகிறது என்பதைச் சொல்கின்றன: உப்பு, சோயா சாஸ், நொதித்த சோயா விழுது. நான்காவது, சூப் எந்த எலும்பில் ஆனது என்பதைச் சொல்கிறது: பன்றி எலும்பு. பன்றி எலும்புச் சூப்பில் சோயா சாஸ் தாரே சேர்த்தால் அது எந்த வகை? யோகோஹாமாவின் இயெகெய் பாணிக் கடைகள் அதைத்தான் செய்கின்றன.

தாரே என்பதுதான் முதல் பதிலில் சொன்ன அடர்ந்த உப்புக் குழம்பு. சூப் தெளிவாக இருக்கிறதா, வெள்ளையாகக் கலங்கியிருக்கிறதா என்று ஒரு கேள்வி; தாரே என்ன என்று இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் தனித்தனியாக விடை சொல்லிவிட்டால் எந்தக் கடையின் கிண்ணத்தையும் புரிந்துகொள்ளலாம்.

ஊருக்கு ஊர் மாறுமாமே. எந்த ஊர் பாணியிலிருந்து தொடங்குவது?

மாறும், காரணத்தோடு மாறும். வடக்கே பனி கொட்டும் சப்போரோவில் 1950களில் அஜி நோ சன்பெய் கடையின் ஒமியா மொரிதோ மிசோ ராமெனை உருவாக்கினார். தடித்த சுருள் நூடுல்ஸ், கனத்த சூப், மேலே சூடு காக்கும் எண்ணெய்ப் படலம். தெற்கே க்யூஷு தீவின் குருமேயில் 1937இல் பன்றி எலும்புச் சூப் ராமென் தொடங்கியது. அது பால்போல் வெளுத்தது பிறகு, 1947இல், அதே ஊரின் இன்னொரு கடையில் கவனிக்காமல் அதிகம் கொதித்துவிட்ட பானையால். பக்கத்து ஃபுக்குவோக்காவில் மீன் சந்தைத் தொழிலாளிகளுக்கு நேரமே கிடையாது. அதனால் நூடுல்ஸ் ஊசிபோல் மெலிந்தது. ஒரு நிமிடத்துக்குள் வெந்துவிடும். ஆனால் மெல்லிய இழை சூப்பில் சீக்கிரம் ஊறிக் குழையும். ஆகவே முதலில் குறைவாகக் கொடுத்து, முடித்ததும் அதே சூப்பில் இன்னொரு பிடி நூடுல்ஸ் போடும் காயெதாமா வழக்கம் வந்தது.

வீட்டில் தொடங்க டோக்கியோ பாணி ஷோயு ராமென்தான் நல்லது. கோழி எலும்பு போதும், அடுப்பு முன் நாள் முழுக்க நிற்க வேண்டாம். கீழே வரும் செய்முறை அதற்கானது.

நூடுல்ஸ் மஞ்சளாக இருக்கிறதே, முட்டை சேர்க்கிறார்களா?

சில கடைகளில் உண்டு. ஆனால் மஞ்சளுக்குக் காரணம் பெரும்பாலும் காரம். மிளகாய்க் காரம் அல்ல, வேதியியல் காரம். மாவில் சேரும் நீரில் சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும் கரைத்திருப்பார்கள். ஜப்பானில் இதற்குக் கன்சுயி என்று பெயர். கோதுமையில் இயல்பாகவே இருக்கும் ஃபிளேவனாய்டு என்ற நிறமிகள் காரத்தில் மஞ்சளாகத் தெரியும். அதே காரம் மாவின் குளூட்டன் என்ற புரதத்தை இறுக்கிவிடுவதால் வெந்நீரிலும் இழை குழையாமல் நிற்கிறது. ராமெனுக்கே உரிய அந்த வாசனையும் வழுவழுப்பும் இதனால்தான். காரம் இல்லாமல் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் கிடைப்பது சூப்பில் மிதக்கும் பாஸ்தா.

கன்சுயி எங்கள் ஊரில் கிடைக்காதே!

சமையல் சோடா கிடைக்கும் அல்லவா, அது போதும். சமையல் சோடா சோடியம் பைகார்பனேட். சூடாக்கினால் நீரையும் கரியமில வாயுவையும் விட்டுவிட்டு, அதைவிட வலுவான சோடியம் கார்பனேட்டாக மாறிவிடும். 100 கிராம் சோடாவை ஒரு தட்டில் மெல்லியதாகப் பரப்பி, ஓவனில் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஓவன் இல்லாதவர்கள் கனமான இரும்புச் சட்டியில் சிறு தீயில் கிளறலாம். மாறிவிட்டதா என்று கண்ணால் தெரியாது, தராசுதான் சொல்லும்: 100 கிராம் ஏறக்குறைய 65 கிராமாகக் குறைந்திருக்க வேண்டும். ஆறியதும் காற்றுப் புகாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மேலே பெயர் எழுதி ஒட்டுங்கள். வேறு யாராவது சர்க்கரை என்று எடுத்துவிடக் கூடாது.

இரண்டு எச்சரிக்கைகள். அலுமினியத் தட்டோ பாத்திரமோ ஆகவே ஆகாது, காரம் அதை அரிக்கும். ஈரக் கையால் தொடாதீர்கள், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாவு பிசையும் அளவைச் சொல்லுங்கள். எனக்கு மாவு சேரவே மாட்டேன் என்கிறது.

மைதா 400 கிராம், தண்ணீர் 155 மில்லி, மேலே சொன்ன வறுத்த சோடா 6 கிராம், உப்பு 4 கிராம். மைதா பாக்கெட்டின் பின்னால் புரத அளவைப் பாருங்கள். 100 கிராமுக்கு 11 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. ரொட்டிக்கென்று விற்கும் மைதாவில் அது இருக்கும். முதலில் சோடாவை நீரில் முழுதும் கரைத்து, பிறகு உப்பைக் கரையுங்கள். அந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, விரல் நுனியால் பிசிறிக்கொண்டே இருங்கள்.

இப்போது கிண்ணத்தில் இருப்பது மாவு உருண்டை அல்ல, ஈர ரவைபோன்ற உதிரி. இங்கேதான் எல்லோரும் பயந்துபோய்த் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். ஊற்றாதீர்கள். சப்பாத்தி மாவுக்குப் பழகிய கைக்கு இது தவறாகத்தான் தெரியும், ஆனால் ராமென் மாவு இப்படித்தான் இருக்க வேண்டும். மூடி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு உதிரியைக் கனமான பிளாஸ்டிக் பையில் அள்ளிப் போட்டு, தரையில் வைத்துக் காலால் மிதியுங்கள். ஜப்பானில் உதோன் மாவுக்கு இதைத்தான் செய்கிறார்கள். தட்டையானதும் மடித்து மீண்டும் மிதியுங்கள். ஐந்தாறு மடிப்பில் விளிம்பு விரிசல் விடுவது நின்று, மேற்பரப்பு வழவழப்பாகும். வெளிறிய மஞ்சள் தெரியும். ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்து, பாஸ்தா இயந்திரத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து வெட்டி, சோள மாவு தூவிக் குளிர்பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். மறுநாள் இழை இன்னும் உறுதியாகும்.

இயந்திரமும் இல்லை, மாவு மிதிக்கப் பொறுமையும் இல்லை. வேறு வழி?

மெல்லிய ஸ்பகெட்டி. ஒரு லிட்டர் கொதிநீருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா, வறுக்காததே போதும், அதில் வேகவையுங்கள். காரம் மேற்பரப்பில் ஏறி நிறமும் மணமும் மாறும். சோடா போட்டதும் நுரை பொங்கி அடுப்பில் வழியும், எனவே பெரிய எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள். வெந்ததும் ஒருமுறை வெறும் வெந்நீரில் அலசிவிடுங்கள். ஜப்பானிலேயே பலர் செய்யும் தந்திரம் இது, வெட்கப்பட வேண்டாம். அசல் இழை பல்லுக்குக் காட்டும் எதிர்ப்பு இதில் முழுதாக வராது, ஆனால் முக்கால் பங்கு தூரம் வந்துவிடும்.

சூப்புக்கு எத்தனை மணி நேரம்? பன்னிரண்டு மணி நேரம் என்று பார்த்ததுமே விட்டுவிட்டேன்.

அது தொன்கொத்ஸுவுக்கு. தெளிந்த கோழிச் சூப்புக்கு அவ்வளவு வேண்டாம். கோழி எலும்புக்கூடு 700 கிராம், கோழிக்கால் 300 கிராம், தண்ணீர் 2 லிட்டர். கோழிக்காலை விடாதீர்கள், உதட்டில் லேசாக ஒட்டும் பசை அதிலிருந்துதான் வருகிறது, கறிக்கடையில் சொல்லிவைத்தால் மலிவாகக் கொடுப்பார்கள். நகத்தை வெட்டிக் கழுவி, எலும்போடு திறந்த பாத்திரத்தில் சூடாக்கி, மேலே வரும் அழுக்கு நுரையை எல்லாம் எடுத்த பிறகு, கொதிக்க விடாமல் சிறு குமிழிகள் மட்டும் எழும் சூட்டில் 4 மணி நேரம் வையுங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் நசுக்கிய இஞ்சி ஒரு துண்டு, வெங்காயத்தாள் ஒரு பிடி.

குக்கரில் ஒரு மணி நேரம் போதும். 5 லிட்டர் குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல், நுரையை எடுத்த பிறகு மூடி, முதல் விசிலுக்குப் பின் தீயைக் குறைத்துவிடுங்கள். அழுத்தம் தானாக இறங்கும்வரை திறக்காதீர்கள். அவசரப்பட்டு ஆவியைத் திறந்துவிட்டால் உள்ளே திடீரென்று கொதித்துச் சூப் கலங்கிவிடும். மேலே மிதக்கும் மஞ்சள் கொழுப்பைக் கரண்டியால் எடுத்துத் தனியே வையுங்கள். அதில் வெங்காயத்தாளை மெதுவாகப் பொரித்து வடிகட்டினால் மண எண்ணெய் தயார்.

மிளகு, மஞ்சள், பட்டை போடலாமா என்று கேட்பவர்களுக்கு: போட்டால் நல்ல கோழி ரசம் கிடைக்கும்.

சொன்னபடியே செய்தேன், சூப் சப்பென்று இருக்கிறது. எங்கே பிழை?

பிழையே இல்லை, அது அப்படித்தான் இருக்க வேண்டும். சூப்பில் உப்புப் போடுவதில்லை. உப்பும் ஆழமும் தாரேயின் வேலை. நம் சமையலில் எல்லாம் ஒரே சட்டியில் சேர்ந்து கொதித்துச் சுவை பிடிக்கும், அதனால் பானையைச் சுவைத்துப் பார்த்து உப்பு அள்ளிப் போடக் கை துடிக்கும். ராமெனில் சுவை பார்க்க வேண்டிய இடம் கிண்ணம். 40 மில்லி தாரேயில் 320 மில்லி கொதிக்கும் சூப்பை ஊற்றிச் சுவைத்துப் பாருங்கள். கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும். நூடுல்ஸ் விழுந்ததும் தணிந்துவிடும்.

தாரே எப்படிச் செய்வது? நம் கடைச் சோயா சாஸ் போதுமா?

சோயா சாஸ் 120 மில்லி, தண்ணீர் 40 மில்லி, மிரின் 30 மில்லி, கோம்பு கடற்பாசி 5 கிராம், உலர்ந்த ஷீட்டாக்கே காளான் இரண்டு. ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் கொதிநிலைக்குச் சற்று முன்வரை சூடாக்கி, காளானையும் பாசியையும் எடுத்துவிடுங்கள். மிரின் என்பது அரிசியில் ஆன இனிப்பு மது. வேண்டாதவர்கள் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையை 30 மில்லி நீரில் கரைத்துச் சேர்க்கலாம்.

சோயா சாஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. கருப்பு நிறத்துக்குக் கேரமல் கலந்த மலிவான சாஸ் ஃபிரைடு ரைஸுக்குச் சரி. இங்கே அதுதான் மொத்தச் சுவையும் என்பதால் கசப்பு தனியே தெரியும். சோயா, கோதுமை, உப்பு, நீர் மட்டும் கொண்டு இயற்கையாக நொதித்தது என்று எழுதியிருக்கும் பாட்டிலை வாங்குங்கள்.

செய்முறைகளில் கட்சுவோபுஷி என்று வருகிறது. அதற்கு மாற்று உண்டா?

உண்டு, நெருங்கிய சொந்தமே உண்டு: மாசிக் கருவாடு. கட்சுவோபுஷியும் மாசியும் சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டிக் கல்போல் உலர்த்தியவை. மாலத்தீவிலும் லட்சத்தீவின் மினிக்காயிலும் தயாராகும் மாசி இலங்கையில் சம்பலுக்கும் கறிக்கும் அன்றாடம் போகிறது. தூத்துக்குடிப் பக்கத்திலும் கிடைக்கும். ஜப்பானில் உயர்ந்த ரகத்துக்குப் பூஞ்சணம் ஏற்றி இன்னும் உலர்த்துவார்கள் என்பதுதான் பெரிய வேறுபாடு. மாசியைச் சீவி 10 கிராம் எடுத்து, தாரே சூடாகும்போது போட்டு, ஐந்து நிமிடத்தில் வடிகட்டுங்கள். மாசி சற்று முரட்டுத்தனமாகப் பேசும், அளவைக் கூட்டாதீர்கள்.

நெத்திலிக் கருவாடும் ஆகும். ஜப்பானில் நிபோஷி என்ற உலர்ந்த சிறு மீனில் சூப் வைக்கும் ராமென் தனிப் பாணியாகவே இருக்கிறது. தலையையும் குடலையும் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் கசக்கும். உப்பிட்ட ரகமானால் முதலில் நன்றாக அலசுங்கள்.

நாங்கள் சைவம். காய்கறிச் சூப்பில் செய்தால் வெறும் காய்கறித் தண்ணீராகத்தான் இருக்கிறது.

காய்கறியை மட்டும் நம்பினால் அப்படித்தான். 1908இல் இக்கேடா கிக்குனாயே என்ற வேதியியலாளர் கோம்பு பாசியின் சுவைக்குக் காரணம் குளுட்டாமேட் என்று கண்டு, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். உலர்ந்த ஷீட்டாக்கேயில் குவானிலேட் என்ற இன்னொரு பொருள் இருக்கிறது. இரண்டும் சேரும்போது சுவை கூடுவதில்லை, பெருகுகிறது. 20 கிராம் கோம்பு, 20 கிராம் உலர்ந்த ஷீட்டாக்கே, ஒன்றரை லிட்டர் குளிர்ந்த நீர். ஓர் இரவு குளிர்பெட்டியில் ஊறினால் போதும். கோம்புவைக் கொதிக்கவிட்டால் வழுவழுப்பும் கசப்பும் வரும்.

சூப்புக்குக் கனம் வேண்டுமே, அதற்கு இனிப்பில்லாத சோயாப் பாலும் அரைத்த எள்ளும். சூப்பில் மூன்றில் ஒரு பங்கு சோயாப் பால் சேர்த்து, மிசோ தாரேயில் இரண்டு கரண்டி எள் விழுது கலந்தால் எலும்பு நினைவே வராது. மண எண்ணெய்க்கு நல்லெண்ணெயில் பூண்டைப் பொன்னிறமாக வறுத்துக்கொள்ளுங்கள். பால் சேர்த்த பின் கொதிக்க விடாதீர்கள், திரிந்துவிடும். இன்னொன்று: வெளிநாட்டு ராமென் பாக்கெட்டுகளில் படத்தில் காய்கறி இருந்தாலும் மசாலாவில் இறைச்சிச் சாரம் இருப்பது சாதாரணம்; பொருள் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அஜினோமோட்டோ போடலாமா, கூடாதா? நேரடியாகச் சொல்லுங்கள்.

போடலாம். அது மேலே சொன்ன அதே குளுட்டாமேட்தான். இக்கேடாவின் கண்டுபிடிப்பை வைத்து 1909இல் விற்பனைக்கு வந்தது. சீன உணவகத்தில் சாப்பிட்டால் பின்கழுத்து மரத்துப்போகிறது, படபடப்பு வருகிறது என்று 1968இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான கடிதத்திலிருந்து கிளம்பிய பயத்தைப் பின்னர் வந்த கட்டுப்பாடான பரிசோதனைகள் உறுதிப்படுத்தவில்லை. கிண்ணத்துக்குக் கால் தேக்கரண்டிக்கும் குறைவாகப் போதும். கோம்பு கிடைக்காத ஊரில் நான் தயங்காமல் போடுவேன்.

பன்றி சாப்பிட மாட்டோம். தொன்கொத்ஸு மாதிரி வெள்ளைச் சூப் வேண்டும். முடியுமா?

முடியும். வெள்ளை நிறம் பன்றிக்குச் சொந்தமல்ல. எலும்பிலும் தோலிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் கரைந்து ஜெலட்டினாகி, கொதிப்பின் வேகத்தில் கொழுப்பை நுண்துளிகளாகச் சிதறடித்து நீரோடு பிடித்துவைப்பதுதான் வெள்ளை. கோழியில் செய்தால் அதற்குத் தோரி பைத்தான் என்று பெயர். குக்கர் சூப்பைத் திறந்து, கொழுப்பை எடுக்காமல், அதிகத் தீயில் முக்கால் மணி நேரம் கிளறிக் கிளறிக் கொதிக்கவிடுங்கள். எலும்பை மத்தால் நசுக்குங்கள், வற்றினால் வெந்நீர் ஊற்றுங்கள். அதாவது தெளிந்த சூப்புக்கு எதையெல்லாம் செய்யாதீர்கள் என்றேனோ, அதையெல்லாம் செய்யுங்கள். இறைச்சிக்குப் பதில் கோழித் தொடையைச் சோயா சாஸிலும் இஞ்சியிலும் மெதுவாக வேகவைத்து நறுக்கி வைக்கலாம்.

அந்த அரைவேக்காட்டு முட்டை எப்படி?

கொதிக்கும் நீரில் ஆறரை நிமிடம், உடனே ஐஸ் நீர். ஆறியதும் உரித்து, சோயா சாஸும் தண்ணீரும் சம அளவு, கொஞ்சம் சர்க்கரை கலந்த நீரில் எட்டு மணி நேரம் குளிர்பெட்டியில் ஊறவிடுங்கள். மறுநாளும் அதிலேயே கிடந்தால் மஞ்சள் கரு இறுகி உப்புக் கரிக்கும். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் முழுதாக வேகவைத்ததையே கொடுங்கள்.

இவ்வளவு உப்பு உடம்புக்கு ஆகுமா?

தினமும் ஆகாது. ஒரு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மேலே சொன்ன 40 மில்லி தாரேயும் முட்டையும் நூடுல்ஸும் சேர்ந்து அந்த 5 கிராமை ஒரே கிண்ணத்தில் தொட்டுவிடும். அதனால் சூப்பைப் பாதியிலேயே விட்டுவிடுங்கள். ஜப்பானில் அது மரியாதைக் குறைவல்ல, பலர் விட்டுவிட்டுத்தான் எழுவார்கள். சத்தமாக உறிஞ்சிச் சாப்பிடுவதும் அங்கே தவறில்லை. சூடும் ஆறும், மணமும் மூக்கில் ஏறும்.

எல்லாம் தயார். ஆனால் நான்கு பேருக்குப் பரிமாறுவதற்குள் முதல் கிண்ணம் ஊறிக் கெட்டுப்போகிறது.

வரிசைதான் மருந்து. சூப் கொதித்துக்கொண்டிருக்கட்டும். நூடுல்ஸ் வேகப் பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர், உப்பு வேண்டாம். கிண்ணங்களில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட்டு, தாரேயும் ஒரு மேசைக்கரண்டி மண எண்ணெயும் போட்டு வரிசையாக வையுங்கள். முட்டை, இறைச்சி, வெங்காயத்தாள் எல்லாம் நறுக்கித் தட்டில் இருக்க வேண்டும். சாப்பிடுபவர்கள் உட்கார்ந்த பிறகுதான் நூடுல்ஸ் தண்ணீருக்குள் போக வேண்டும். ஆள் நூடுல்ஸுக்குக் காத்திருக்கலாம், நூடுல்ஸ் ஆளுக்குக் காத்திருக்காது.

ஒன்றரை மில்லிமீட்டர் இழைக்கு ஒன்றரை நிமிடம் போதும். ஒரு நிமிடம் ஆனதும் கிண்ணங்களில் சூப்பை ஊற்றுங்கள். வடிகட்டும்போது நன்றாக உதறுங்கள், ஒட்டிய நீர் சூப்பைக் கெடுக்கும். இரண்டிரண்டு பேராகப் பரிமாறுவதுதான் வீட்டு அடுப்புக்குச் சரி. முதல் இருவர் மரியாதைக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

மீந்த சூப்பையும் தாரேயையும் எத்தனை நாள் வைக்கலாம்?

தாரே உப்பானது, குளிர்பெட்டியில் ஒரு மாதம் தாங்கும். சூப் இரண்டு மூன்று நாள்; அதற்கு மேல் என்றால் உறைபெட்டி. பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி வேகமாக ஆறவைத்து, 320 மில்லி டப்பாக்களில் பிரித்து உறையவையுங்கள். வெட்டிய நூடுல்ஸையும் ஒவ்வொரு பிடியாக உறையவைக்கலாம்; கரையவிடாமல் நேராகக் கொதிநீரில் போட்டு அரை நிமிடம் கூட்டி வேகவையுங்கள்.